ஓசையைக் குறிவைக்கும் வில்

வில் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மவர் நினைவு கண்ணிடம் போய் நிற்கும். மரக்கிளையில் வைத்த பறவையைக் காட்டி, “என்ன தெரிகிறது?” என்று துரோணர் கேட்டார். மற்றவர்கள் மரத்தையும் இலையையும் சொல்லி நின்றார்கள். பறவையின் தலை ஒன்றே தெரிகிறது என்று அருச்சுனன் விடை கூறினான். பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த கதை. ஒருமுகப்பட்ட பார்வைக்கு இன்றுவரை அதுவே நமக்கு எடுத்துக்காட்டு.

ஆனால் நம் பழங்கதைகளில் மற்றொரு வில்லும் உண்டு. இருட்டிலே, ஆற்றங்கரையிலே, குடத்தில் நீர் புகும் ஒலியை யானை நீருண்ணும் ஒலியென்று கொண்டு, தசரதன் அம்பு தொடுத்தான். கண்ணால் காணாததை ஓசையால் அறிந்து அடிக்கும் அந்த வித்தைக்குச் சப்தவேதி என்று பெயர். எய்த அம்பு தவறவில்லை. எய்தவன் எண்ணம் தவறிற்று. அதனால் வந்த சாபத்தை நினைவில் வைத்த நாம், அந்த வித்தையை மறந்துவிட்டோம். இருளில் ஓசை ஒன்றையே துணைக் கொண்டு அம்பைச் செலுத்துவது எத்துணை அரிய செயல் என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

நான் பேச எடுத்துக் கொண்ட பொருள் இந்த இரண்டாவது வில்லின் வழிவந்தது. அது ஒரு வீடியோ விளையாட்டு. ‘சேச்சே, இதற்கா இத்தனை பீடிகை?’ என்று முகம் சுளிக்கும் நண்பர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 2006-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ‘ரிதம் தெங்கோக்கு’ என்றோர் ஆட்டத்தை வெளியிட்டது. ‘தாள சொர்க்கம்’ என்று நாம் பெயர்த்துக் கொள்ளலாம். உள்ளங்கையில் அடங்கும் ‘கேம் பாய் அட்வான்ஸ்’ கருவிக்காகச் செய்யப்பட்டது அது. ஒரே பெரிய ஆட்டமன்று. சில நிமிடங்களில் முடிந்துவிடும் சிற்றாட்டங்கள் பலவற்றின் தொகுப்பு. ஒன்றில் கராத்தே வீரன் ஒருவன் பறந்து வரும் சட்டிகளைக் குத்தி உடைப்பான். ஒன்றில் தூரிகை கொண்டு தாளத்திற்கேற்ப எழுத்தெழுத வேண்டும். மற்றொன்றில் மூவர் வரிசையாக நின்று கைதட்டுவர். கடைசியில் நிற்பவர் நாம். இவற்றினிடையே ஒரு வில்லாட்டமும் இருக்கிறது. பின்னாளில் ஆங்கிலத்தில் அதற்கு ‘ஸ்னீக்கி ஸ்பிரிட்ஸ்’ என்று பெயரிட்டார்கள். பதுங்கி வரும் பேய்கள் என்று பொருள்.

ஒரு மதில். மதிலுக்குப் பின்னால் வெள்ளைப் பேய் ஒன்று வருகிறது. வரும்போதே சம இடைவெளி விட்டுத் தலையை மேலே நீட்டுகிறது, மறைகிறது, நீட்டுகிறது, மறைகிறது. ஒவ்வொரு நீட்டலுக்கும் ஓர் ஓசை. மதில் முடியுமிடத்தில் ஒரு திறப்பு. அதற்கு நேரே நம் வில் காத்திருக்கிறது. பேய் திறப்புக்கு வந்து சேரும் கணத்தில் பொத்தானை அழுத்த வேண்டும். சரியாக அழுத்தினால் அம்பு தைக்கும். முந்தினாலும் பிந்தினாலும் பேய் தப்பும். வில்லை ஏற்ற முடியாது, இறக்க முடியாது, இடமும் வலமும் திருப்ப முடியாது. இருப்பது ஒரே பொத்தான். குறி பார்க்கும் வேலையே இல்லாத வில்லாட்டம்! ‘எங்கே’ என்ற கேள்வியை எடுத்துவிட்டு ‘எப்போது’ என்ற ஒரே கேள்வியை நம்மிடம் விட்டு வைத்தார்கள்.

2011-இல் ‘வீ’ என்னும் வீட்டுக் கருவிக்காக இத்தொடரின் புதிய தொகுப்பு வந்தபோது, பழைய ஆட்டங்களில் சிலவற்றை மட்டும் பொறுக்கியெடுத்து, பதக்கங்கள் சேர்த்தவர்களுக்குப் பரிசாகத் திறக்கும்படி வைத்தார்கள். அச்சிலவற்றுள் இந்த வில்லும் ஒன்று. விடுதியிலிருந்து படிப்பு முடித்துப் போன மூத்த மாணவர் ஒருவர் விட்டுச் சென்ற அந்தக் கருவியில்தான் நான் இதனைப் பழகினேன்.

இப்போது எழுத நேர்ந்த காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். நம் சங்கத்து ஆண்டு விழாவில் கேரத்திற்கு மேசை போடுகிறோம், சதுரங்கத்திற்குப் போடுகிறோம். அதுபோல இந்த ஆட்டத்திற்கும் ஒரு மேசை வேண்டும், அதுவும் இசை நிகழ்ச்சிகள் நடக்கும் பக்கத்தில் வேண்டும் என்று செயற்குழுவுக்கு எழுதிக் கொடுத்தேன். மறுத்துவிட்டார்கள். மறுப்பில் எனக்கு வருத்தமில்லை. மறுத்ததற்குச் சொன்ன காரணங்களில்தான் வருத்தம். சிறுபிள்ளை விளையாட்டு என்றார் ஒருவர். கண்ணைக் கெடுக்கும் என்றார் ஒருவர். பொழுதைத் தின்னும் என்றார் மூன்றாமவர். நான்காவதாக ஒரு நண்பர் சொன்னது மட்டும் மறுக்கத்தக்கதன்று. அதைப் பின்னர் எடுத்துக் கொள்கிறேன்.

கண்ணைப் பற்றியே தொடங்குவோம். தாள விளையாட்டுக்கள் உலகில் பல உண்டு. 1996-இல் ‘பராப்பா தி ராப்பர்’ வந்தது. 1998-இல் காலால் மிதித்தாடும் ‘டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்’ வந்தது. 2005-இல் ‘கிட்டார் ஹீரோ’ வந்தது. இவற்றில் எல்லாம் திரையின் மீது குறிகள் ஊர்ந்து வரும். குறி கோட்டைத் தொடும்போது அழுத்த வேண்டும் அல்லது மிதிக்க வேண்டும். இசை ஒலித்துக் கொண்டிருந்தாலும், ஆடுபவன் உண்மையில் செய்வது படிப்பது. தட்டெழுத்துப் பயில்பவன் தாளைப் பார்த்து விரலை ஓட்டுவது போல, இவனும் திரையைப் பார்த்து விரலை ஓட்டுகிறான். அவற்றிலே அம்புக்குறி உண்டு, அம்பு இல்லை. நான் சொல்லும் ஆட்டத்திலே அம்பு உண்டு, அம்புக்குறி இல்லை!

இந்த வேறுபாடு சிறிதன்று. விளக்கொளி தோன்றக் கண்டு விரலை அசைக்க மனிதனுக்கு ஏறத்தாழ 0.2 வினாடி முதல் 0.25 வினாடி வரை ஆகிறது. ஓசையைக் கேட்டு அசைப்பதற்கு அதனினும் சற்றுக் குறைவு. என்றாலும் அதுவும் நேரந்தான். ஆகவே பேய் திறப்பில் தோன்றக் கண்ட பின் அழுத்துபவன் எப்போதும் பிந்தியே அழுத்துவான். அவன் எத்துணை விழிப்போடு பார்க்கிறானோ அத்துணை உறுதியாகப் பிந்துவான். சரியாக எய்ய வேண்டுமானால் பேய் வருமுன்பே அது வரும் கணம் நம் உடம்பில் இருக்க வேண்டும். தாளத்தோடு விரல் தட்டும்படி மக்களைக் கேட்டால், பெரும்பாலோர் ஓசைக்குச் சிறிது முந்தியே தட்டுவதை ஆய்வாளர்கள் பலமுறை கண்டிருக்கிறார்கள். நாம் ஓசைக்கு விடை சொல்வதில்லை. ஓசையை எதிர்கொண்டு அழைக்கிறோம். தாளம் என்பதே இந்த எதிர்கொள்ளல்தான்.

என் அறையில் இருவரை உட்கார்த்திப் பார்த்தேன். ஒருவர் இரவெல்லாம் துப்பாக்கி விளையாட்டில் ஊறியவர். கண் அசைவதற்குள் கை அசையும் என்று விடுதியில் பெயரெடுத்தவர். மற்றவர் சிறு வயதிலிருந்து மிருதங்கம் பயில்பவர். இத்தகைய கருவியைத் தொட்டதே இல்லை. முன்னவர் திரைக்கு முன்னே குனிந்து, மதிலின் முனையை விழுங்குவது போலப் பார்த்தார். ஒவ்வொரு பேயும் தப்பியது. நான்காம் முறை, “கருவி பழுது” என்று தீர்ப்புக் கூறினார். மிருதங்கக்காரரும் முதலில் தப்பவே விட்டார். பொத்தான் எது என்பதே அவருக்குக் குழப்பம். பிறகு கருவியை மடியில் வைத்துக் கொண்டு முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிவிட்டார். இடக்கை தொடையில் எண்ணிக் கொண்டிருந்தது. அதன் பிறகு தப்பிய பேய்கள் மிகச் சில. “இது எடுப்பு விளையாட்டு ஐயா! எண்ணிக்கை உள்ளே ஓட வேண்டும், அவ்வளவுதான்” என்றார்.

அவர் சொன்னதைத் தாளம் அறிந்தவர் உடனே உணர்வர். ஆதி தாளத்தில் எட்டு எண்ணிக்கை. முதலில் ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை, பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. வீச்சில் ஓசையில்லை. கை வெறுங்காற்றில் திரும்புகிறது. ஆனால் அந்த வெற்றிடமும் தட்டின் அளவே நீண்டிருக்க வேண்டும். சற்றுக் குறைந்தால் தாளம் ஓடிப்போகும். ஓசையில்லாத இடத்தை ஓசையுள்ள இடத்தைப் போலவே அளந்து வைத்திருப்பதுதான் தாளப் பயிற்சியில் பாதி. நம் வில்லாட்டத்திலும் பேயின் கடைசி ஓசைக்கும் அம்புக்கும் நடுவே அத்தகைய ஒரு வெற்றிடம் உண்டு. எய்பவன் எண்ண வேண்டியது அந்த வெற்றிடத்தை. இதைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று சொல்பவர்கள் ஒருமுறை எய்து பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

மெய்யான வில்வித்தைக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று நினைக்க வேண்டாம். ஒலிம்பிக்கில் 70 மீட்டருக்கு அப்பால் 122 சென்டிமீட்டர் வட்டம் ஒன்றை வைக்கிறார்கள். நடுவில் பத்துப் புள்ளி பெறும் வட்டம் 12.2 சென்டிமீட்டர். தனிநபர் ஆட்டத்தில் மாறி மாறி எய்யும்போது ஓர் அம்புக்கு 20 வினாடியே தவணை. இத்தனையும் கண்ணின் ஆட்சி என்றே தோன்றும். ஆனால் அந்த வீரர்களின் வில்லில் ‘கிளிக்கர்’ என்றொரு மெல்லிய தகடு இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. நாணை முழு அளவுக்கு இழுத்தவுடன் அம்பின் முனை அத்தகட்டை விட்டு நழுவும். தகடு ‘டிக்’ என்று ஒலிக்கும். அவ்வொலியில் விரல் நாணை விடும். குறி பார்த்து முடித்தோமா என்று கண் கூடிப் பேசிக் கொண்டிருந்தால் கை நடுங்கிவிடும் என்பதை அனுபவத்தால் கண்டவர்கள், ‘எப்போது’ என்பதைக் கண்ணிடமிருந்து பறித்துக் காதிடம் கொடுத்துவிட்டார்கள். சப்தவேதி இன்றும் அழிந்துவிடவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

அடுத்து, படத்தின் எளிமை. செயற்குழு நண்பர் ஒருவர் திரையைப் பார்த்துவிட்டு, “இந்தக் காலத்தில் இப்படியா வரைவார்கள்? பழைய காலத்துப் பொம்மை மாதிரி இருக்கிறதே!” என்றார். மற்றொருவர் அதையே புகழ்ச்சியாகச் சொன்னார்: “பழைய பாணி, நல்ல நாகரிகம்!” இருவர் சொன்னதையும் நான் ஏற்கவில்லை.

முதல் ஆட்டம் பிறந்த கருவியின் திரையில் குறுக்கே 240 புள்ளி, நெடுக்கே 160 புள்ளி. அதற்குள்தான் மதிலும் பேயும் வில்லும் அடங்க வேண்டும். எளிமை அன்று ஏழ்மையால் வந்தது, ஒப்புக் கொள்கிறேன். ஆனால் 2011-இல் வீட்டுத் தொலைக்காட்சியின் அகலம் கிடைத்தது. நிறமும் நிழலும் கிடைத்தன. அப்போதும் அவர்கள் கோடுகளைத் தெளிவாக்கினார்களே அன்றி, அலங்காரத்தைக் கூட்டவில்லை. இத்தொடருக்கு ஓவியம் தீட்டிய கோ தகெயுச்சி தடித்த கோட்டையும் தட்டையான நிறத்தையும் விடவில்லை. ஏன்? பேயை மென்மையாக மிதந்து வரும்படி வரைந்திருந்தால் நம் கண் அதன் பின்னாலேயே மிதந்து போகும். காது வேலையற்றுப் போகும். சட்டென்று தலை நீட்டிச் சட்டென்று மறையும் பேய் கண்ணுக்கு அதிகம் தீனி போடுவதில்லை. அரைப் பட்டினி கிடக்கும் கண் தானாகவே காதுக்கு வழி விடுகிறது. ஏழ்மையில் கற்ற பழக்கத்தைச் செல்வம் வந்த பின்னும் காரணம் அறிந்து வைத்துக் கொண்டவர்கள் அவர்கள்.

இற்றை நாளில் ‘பழைய பாணி’ என்ற பெயரில் வரும் ஆட்டங்களில் பலவற்றைப் பார்க்கிறேன். சதுரம் சதுரமாகப் புள்ளிகள். கீச்சென்ற பழைய ஒலி. படக்குழாய்த் திரையில் தெரிந்த கோடுகளைக்கூடப் பொய்யாக வரைந்து வைக்கிறார்கள். உள்ளே ஆட்டமோ வேறு எதுவோ. காரைக்குடியில் இடித்த வீட்டுத் தேக்குத் தூணை விலைக்கு வாங்கிக் கொண்டுவந்து, நகரத்து உணவு விடுதியின் நடுவே நிறுத்தி வைப்பார்கள், கண்டிருப்பீர்கள். தூண் அழகுதான். ஆனால் அது தாங்குவது ஒன்றுமில்லை. மேலே இருப்பது சிமெண்டுக் கூரை. நம் வில்லாட்டத்தின் பழமை கூரையைத் தாங்கும் தூண். அதைக் கண்டு சிரிப்பவரும் ‘நாகரிகம்’ என்று மெச்சுபவரும் ஒரே தவற்றைத்தான் செய்கிறார்கள். இருவரும் தூணைப் பார்த்தார்கள், கூரையைப் பார்க்கவில்லை.

இவ்வளவு கூர்மையாக ஓர் ஆட்டம் அமைந்ததற்குக் காரணமானவர் ஒருவர் உண்டு. அவர் பெயர் சுன்கு. 1968-இல் பிறந்தவர்; ‘சரான் கியூ’ என்ற இசைக் குழுவின் பாடகர்; ‘மோர்னிங் முசுமே’ என்னும் புகழ்பெற்ற பெண்கள் இசைக் குழுவை உருவாக்கியவர். தாளத்தை உடம்பால் உணர வைக்கும் ஆட்டம் ஒன்று வேண்டும் என்ற கருத்தோடு நிண்டெண்டோவை நாடியவர் அவரே. ஆட்டத்தைச் செய்யும் பொறியாளர்களையும் ஓவியர்களையும் அவர் நடன வகுப்புக்கு அனுப்பினார். கணிப்பொறி முன் குனிந்து கிடந்தவர்கள் வரிசையாக நின்று காலை மாற்றி மாற்றி வைத்துப் பழகிய காட்சியை எண்ணிப் பாருங்கள்! ஆடத் தெரியாதவன் பிறரை ஆட வைக்க முடியாது என்பதில் அவருக்கு அவ்வளவு உறுதி.

பொழுதைத் தின்னும் என்ற குற்றச்சாட்டுக்கு நீண்ட விடை வேண்டியதில்லை. விலை கொடுத்து ஒருமுறை வாங்கினால் முடிந்தது. நாள்தோறும் வந்தால் நாணயம் தருகிறேன், நாளை வராவிட்டால் பறித்துக் கொள்வேன் என்று மிரட்டும் கைப்பேசி ஆட்டங்களின் வஞ்சகம் இதில் இல்லை. வில்லாட்டம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். முடிந்ததும் நம்மை விட்டுவிடும். இன்னொன்றும் உண்டு. ‘வீ’ தொகுப்பிலே ஒரு காப்பிக் கடை வைத்திருக்கிறார்கள். ஓர் ஆட்டத்தில் மீண்டும் மீண்டும் தோற்று அங்கே போனால், கடைக்காரர் இரக்கப்பட்டு, அதைத் தாண்டி அடுத்ததற்குப் போக வழி செய்கிறேன் என்பார். தோற்றவனிடம் காசு கேட்காமல் காப்பிக் கடையில் ஆறுதல் சொல்லும் ஆட்டம் வேறு எங்கே இருக்கிறது? குறை சொல்லவும் ஒன்றுண்டு. ஓர் அம்பும் தவறாமல் எய்து முடிக்கும் ‘பெர்பெக்ட்’ சோதனைக்கு மூன்றே வாய்ப்புத் தருகிறார்கள். இரண்டு நிமிடம் பிழையின்றி எய்துவிட்டுக் கடைசிப் பேயை விட்டால் வரும் எரிச்சல் சொல்லி மாளாது. தேர்வுக் காலத்தில் யாரும் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

இனி அந்த நான்காவது நண்பரிடம் வருவோம். அவர் கேட்டது இது: “காது கேளாத மாணவர் ஒருவர் நம் விழாவுக்கு வந்தால் அவரை அந்த மேசையில் என்ன செய்யச் சொல்வாய்?”

இக்கேள்விக்கு முன்னால் மேலே நான் சொன்னவை எல்லாம் ஒரு கணம் தலை குனிகின்றன. கண்ணைத் தள்ளிக் காதை அரியணையில் ஏற்றியதைப் பெருமையாகப் பேசினேன். அந்தப் பெருமையே சிலருக்குக் கதவடைப்பு. எல்லாக் கலைக்கும் ஓர் எல்லையுண்டு, ஓவியத்தைப் பார்வையற்றவர் காண முடியாது, என்று எளிதாகச் சொல்லிவிடலாம். அது சோம்பேறியின் விடை.

தாளம் காதில் மட்டுமா இருக்கிறது? ஸ்காட்லாந்தின் எவலின் கிளென்னி பன்னிரண்டாம் வயதளவில் கேட்கும் ஆற்றலைப் பெரும்பாலும் இழந்தவர். உலகம் அறிந்த தாளவாத்தியக் கலைஞர். அதிர்வைக் காலாலும் உடம்பாலும் உணர்வதற்காக வெறுங்காலோடு மேடையில் நின்று வாசிப்பவர். சுன்குவின் வாழ்க்கையும் இங்கே நினைக்கத் தக்கது. 2014-இல் அவர் தொண்டையில் புற்றுநோய் கண்டது. குரல் நாண்களை அகற்ற வேண்டியதாயிற்று. 2015 ஏப்ரலில், தாம் படித்த கின்கி பல்கலைக் கழகத்தின் புதுமாணவர் வரவேற்பு விழாவில் அதை உலகுக்கு அறிவித்தார். பாடகர் மேடையில் பேசாமல் நின்றார். அவர் சொல்ல நினைத்தவை திரையில் எழுத்தாக ஓடின. அவ்வாண்டிலேயே இத்தொடரின் அடுத்த தொகுப்பு, 3டிஎஸ் கருவிக்கானது, ஜப்பானில் வெளிவந்தது. குரல் போனவனிடமிருந்து தாளம் போய்விடவில்லை.

ஆகவே, ஆட்டம் செய்பவர்கள் ஒவ்வோர் ஓசைக்கும் ஒரு துடிப்பைக் கையிலே தர வேண்டும் என்று கேட்பது நம் உரிமை. கைக்கருவியில் அதிர்வு தரும் பொறி எப்போதோ வந்துவிட்டது. அதை வெடிச்சத்தத்திற்கு மட்டும் செலவிடுகிறார்கள். அவர்கள் செய்யும்வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. ஒலிபெருக்கியைக் கனமில்லாத மரமேசையின்மேல் கவிழ்த்து வைத்தால் பலகை முழுவதும் துடிக்கும். உள்ளங்கையை அதன்மேல் வைத்துக் கண்ணை மூடி நான் எய்து பார்த்தேன். காதைப் பஞ்சால் அடைத்துக் கொண்டும் எய்து பார்த்தேன். காதால் எய்த அளவு வரவில்லை. ஆனால் கண்ணால் எய்ததைவிடத் தெளிவாகவே நன்றாக வந்தது. கேளாதவர் கை என் கையைவிடப் பழகியதாக இருக்கும். அவர் என்னை வெல்லவும் கூடும்.

போட்டியாக நடத்துவதா, வெறும் காட்சியாக வைப்பதா என்பதில் நண்பர்கள் என்னிடமே கேட்டார்கள். பரிசு வேண்டாம் என்பது என் கருத்து. காரணம் அறச் சிந்தனை ஒன்றுமில்லை; கருவியின் குறைபாடுதான். சங்கத்துக் கூடத்தில் சுவரில் மாட்டியிருக்கும் பெரிய தட்டைத் திரை, உள்ளே வரும் படத்தைத் திருத்தி மெருகேற்றித்தான் வெளியே காட்டும். அதற்குள் சிறிது நேரம் கடந்துவிடும். கம்பியில்லாச் செவிக்கருவி அதைவிட மோசம். பலவற்றில் ஓசை 0.1 வினாடி முதல் 0.2 வினாடி வரை பிந்தி வருகிறது. நிமிடத்துக்கு 120 தட்டு என்ற நடையில் ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே அரை வினாடியே உண்டு. அதில் 0.15 வினாடி பிந்தினால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போயிற்று. தாளம் சரியாக உள்ளவன் சரியாக அழுத்துவான். ‘தவறு’ என்று கருவி சொல்லும். தாளம் கெட்டவன் ஒருவன் தற்செயலாக வெல்வான். தானே பிந்தி ஓடும் கடிகாரத்தைக் கொண்டு மாணவனின் வருகையைக் குறிப்பது போன்ற அநியாயம் இது. துப்பாக்கி நண்பர் “கருவி பழுது” என்று சொன்னபோது சிரித்தேன். என் அறையில் இருப்பது பழைய படக்குழாய்ப் பெட்டி, அதில் அந்தக் குறை இல்லை. கூடத்துத் திரையில் ஆடியிருந்தால் அவர் சொன்னது பாதி உண்மையாகியிருக்கும்.

எனவே பொதுக்குழுவில் நான் மீண்டும் கேட்கப் போவது இவ்வளவே. மேசை ஒன்று, மரத்தாலானது. அது மிருதங்கமும் கஞ்சிராவும் வைக்கும் பக்கத்தில் இருக்கட்டும். கேரம் மேசைக்கு அருகே வேண்டாம். அங்கே காய் விழும் சத்தத்தில் பேயின் சத்தம் கேட்காது. படக்குழாய்ப் பெட்டியை நானே தூக்கி வருகிறேன். கனம் அதிகம், மாடிப்படியில் ஒருவர் கை கொடுத்தால் போதும். கம்பியுள்ள செவிக்கருவி இரண்டு என்னிடம் இருக்கின்றன. ஒலிபெருக்கியைக் கவிழ்த்து வைத்த பலகை ஒன்று தனியே இருக்கும். அதன் எதிரே நாற்காலி ஒன்றை எப்போதும் காலியாக விட்டு வைப்போம். மின் இணைப்புக்கு மட்டும் சங்கம் ஏற்பாடு செய்ய வேண்டும். சென்ற ஆண்டு கோலப் போட்டிக்கு விளக்குப் போட்ட அந்த இணைப்பே போதும்.